மேலே வந்தாச்சு

“என் டீம் வேலை செய்றதை நான் பாக்குறதே இல்ல.”

மாரிக்குப்பம் போகும் மாலை ரயிலில், எதிர் சீட்டில் லேப்டாப் பையை மடியில் வைத்திருந்த பெண் தன் தோழியிடம் சொன்னார்.

“பாதி நாளு வூட்ல இருந்துதான் செய்றாங்க. எப்படி நம்புறீங்கன்னு மேனேஜர் கேட்டாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“எங்க ஊர்ல எல்லாரும் தங்கச் சுரங்கத்துல, பூமிக்கு அடியில வேலை செஞ்சாங்க சார், மேல இருந்து யாரு பாத்தா? ஷிப்ட் முடிஞ்சா அத்தினி பேரும் மேல வந்துட்டாங்களான்னுதான் பாப்பாங்கன்னேன்.”

தோழி சிரித்தார்.

“சிரிக்காத. வேலை முடிச்சவங்க குரூப்ல ‘மேல வந்தாச்சு’ன்னு போடணும். அதுக்கப்புறம் அவங்களை யாரும் கூப்பிடக் கூடாது. கன்னடம் பேசுற ஹூப்ளி பொண்ணுகூட தமிழ்லயே போடுது.”

“போடலன்னா?”

“நானே போன் பண்ணுவேன். திட்டறதுக்கில்ல, எங்க மாட்டிக்கினு இருக்காங்கன்னு கேக்க.”

பங்காருப்பேட்டை தாண்டியதும் அவர் போன் சிணுங்கியது. “கடைசி ஆளும் வந்தாச்சு” என்றவர், தானும் குரூப்பில் ‘மேல வந்தாச்சு’ என்று போட்டார்.

உடனே போன் அடித்தது. தோழி எட்டிப் பார்த்தார்.

“மேனேஜருடி. எடு.”

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

“நான்தான் மேல வந்துட்டேனே.”