எல்லாருக்கும் ஒரே உடம்பு

பீமாராவ்: கையை எடுங்கக்கா. தட்டுனா ஓடுறதுக்கு இது பழைய டிவி இல்ல, ஹார்ட் டிஸ்க்கு.

சுபலட்சுமி: எழுமலையில, என் கடையில தட்டித் தட்டித்தான் தம்பி ஓட்டிக்கிட்டு இருந்தேன்.

பீமாராவ்: அதான் காளவாசல்ல என் கடை வரைக்கும் வர வேண்டியதாப் போச்சு. டிக் டிக்குன்னு கேக்குதா? உள்ள ஒரு முள்ளு படிக்கப் பார்க்குது, முடியாம திரும்பித் திரும்பி வருது. அது நின்னுச்சுன்னா அம்புட்டுத்தான்.

சுபலட்சுமி: அப்ப எடுக்க முடியாதுங்கிறீகளா?

பீமாராவ்: நான் எப்ப அப்படிச் சொன்னேன்? இதைவிட மோசமா வந்ததையெல்லாம் எடுத்துக் குடுத்திருக்கேன். நிக்கிறதுக்குள்ள எடுத்துருவேன். எதை முதல்ல எடுக்கணும்? ஆர்டர் ஃபோல்டரா? பத்து வருச வேலை இருக்குமே...

சுபலட்சுமி: அது கெடக்கட்டும். 'உடம்பு'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை எடுங்க.

பீமாராவ்: உடம்பா?

சுபலட்சுமி: ஃப்ளெக்ஸ் பேனர் கடை தம்பி நம்மளது. காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி... போட்டோ கேட்டா வாரவுக ஆதார் கார்டைத்தான் நீட்டுவாக. கழுத்துக்கு மேலதான ஆளு இருக்கும்? கீழ உடம்பு நான்தான் குடுக்கணும்.

பீமாராவ்: நெட்டுல கோட்டு சூட்டோட ஆயிரம் உடம்பு கெடக்கே!

சுபலட்சுமி: கோட்டு போட்டா ஊரே சிரிக்கும். வெள்ளைச் சட்டை, தோள்ல துண்டு, கையில வாட்ச்... அந்த ஒரு உடம்பை வச்சுத்தான் தொழிலே ஓடுது. நாளைக்குக் காலையில ஒரு பேனர் கட்டியாகணும்.

பீமாராவ்: சரி, பழைய பேனர்ல இருந்து அந்த உடம்பை வெட்டிக்க வேண்டியதுதான?

சுபலட்சுமி: இல்ல... ஒரிஜினல் போட்டோதான் வேணும். வெட்டாதது.

பீமாராவ்: ஏன்க்கா, அதுல என்ன...

சுபலட்சுமி: எடுப்பீகளா, மாட்டீகளா?

பீமாராவ்: கோவத்தைப் பாரு! எடுக்குறேன், எடுக்குறேன். இந்தா, வர ஆரம்பிச்சிருச்சு.

சுபலட்சுமி: தம்பிக்கு எந்த ஊரு?

பீமாராவ்: ஆனையூர்ல இருக்கேன்.

சுபலட்சுமி: இருக்கிறது சரி... சொந்த ஊரு?

பீமாராவ்: பேச்சைக் குறைங்கக்கா, இது கவனமாப் பார்க்குற வேலை... அட! என்னக்கா இது? ஊர்ல எல்லாருக்கும் ஒரே உடம்பு!

சுபலட்சுமி: மெதுவாச் சொல்லுங்க, ரோடு பூராம் கேக்கப் போகுது. இந்தா, இவுக ரெண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிக. ஒரே பேனர்ல நிக்கணும்னு வந்தாக. ஒருத்தருக்குச் சட்டைக் கலரை மட்டும் மாத்தி விட்டேன்.

பீமாராவ்: ஒருத்தருமா கண்டுபிடிக்கல?

சுபலட்சுமி: மூஞ்சியத்தான தம்பி பார்ப்பாக. 'எங்கப்பாவுக்கு இம்புட்டுக் கம்பீரமா'ன்னு அழுதுக்கிட்டே வாங்கிட்டுப் போவாக.

பீமாராவ்: இந்தா, அடுத்த படம்... இது...

சுபலட்சுமி: என்ன தம்பி, நின்னுபோச்சா?

பீமாராவ்: இல்ல... ஓடுது. இந்தப் படத்துல கொஞ்சம் நின்னுட்டேன்.

சுபலட்சுமி: எது? ஆமா, கன்னம் ஒட்டிப்போன ஆளு. கழுத்தைச் சேர்க்குறதுக்குள்ள எனக்கு உசிரு போயிருச்சு. பேரு வரமாட்டேங்குதே... உங்களுக்குத் தெரிஞ்சவுகளா?

பீமாராவ்: அதை விடுங்க. சத்தம் கூடுது, கேட்டீங்களா? கடைசி ஃபைல் ஒண்ணு இருக்கு. பேரு இல்ல, வெறும் நம்பர்தான்.

சுபலட்சுமி: அதுதான்! அதேதான் தம்பி!

பீமாராவ்: இருங்க... மேல இருந்து வருது... முடி... நெத்தி... மீசை... வந்திரு, வந்திரு... ச்சே!

சுபலட்சுமி: என்னாச்சு?

பீமாராவ்: நின்னுபோச்சுக்கா. கழுத்து வரைக்கும்தான் வந்திருக்கு. கீழ வெறும் சாம்பல் கலரு. எடுத்துருவேன்னு வாய் கிழியச் சொன்னேன்... உங்க உடம்பு போச்சு.

சுபலட்சுமி: திருப்புங்க இப்படி... கண்ணு ரெண்டும் இருக்கு. சிரிப்பு இருக்கு. போதும் தம்பி! நீங்க சொன்னபடி எடுத்துட்டீக. உடம்புதான் ஊரு பூராம் தொங்குதே.

பீமாராவ்: யாருக்கா இது?

சுபலட்சுமி: எங்க வீட்டுக்காரரு. பேரு காளை. நாளைக்குக் கருமாதி.

பீமாராவ்: அக்கா...

சுபலட்சுமி: பேனர் கட்டுறதே அவருதான். எப்பவும் பின்னாடி நின்னு கயிறைப் பிடிச்சுக்கிட்டு இருப்பாரு. போட்டோன்னா ஓடிருவாரு. நான் அதட்டுனதுக்காக ஒரே ஒரு தடவை நின்னாரு. பத்து வருசமா இந்தத் தலையை வெட்டிப் போட்டுட்டு உடம்பை மட்டும் வித்திருக்கேன் தம்பி.

பீமாராவ்: இதை வந்ததுமே சொல்லியிருக்கலாம்ல?

சுபலட்சுமி: சொன்னா உங்க கை நடுங்கும். எனக்கு நடுங்காத கை வேணும்... சரி, வந்த படத்துல ஒண்ணைக் காட்டுங்க. உடம்பை வெட்டி இவருக்கே வைக்கணும். எது தெளிவா இருக்கு?

பீமாராவ்: அந்தக் கன்னம் ஒட்டுன ஆளுகிட்ட இருந்து எடுத்துக்கங்க. அவரு ஆண்டிச்சாமி, எங்கப்பா. எனக்கும் சொந்த ஊரு எழுமலைதான்க்கா. உங்க தெருவுல அவரு ஒரு நாளும் துண்டைத் தோள்ல போட்டு நடந்ததில்ல. செத்த பெறகு நீங்க போட்டுவிட்ட துண்டு அது. அந்தப் படத்துக்குத்தான் வீட்டுல ஏழு வருசமா மாலை போடுறோம்... உங்க வீட்டுக்காரரு உசிரோட இருக்கையிலயே அவருக்கும் சேர்த்துப் போட்டிருக்கோம்க்கா.