மாசத்துக்கு அஞ்சு சிடி

இல்ல சுப்பராயா, நிறுத்திட்டேன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டா எப்புடி? இப்ப இன்னா அவசரம்? ஃபேனப் போடு, நான் உக்காந்துக்கறேன். மாசம் நூத்தி இருவது ரூபா, ஒரு காக்கி கவர்ல அஞ்சு கேம் சிடி, உள்ள இன்னா இருக்குதுன்னு வாங்கறவனுக்குத் தெரியாது, நீயா பாத்துப் பொறுக்கிப் போடறது. ஆம்பூர் பஜார்ல வேற எவனுக்காவது இந்த யோசன வந்துதா? காட்பாடில அவ்ளோ காலேஜ் பசங்க இருக்கானுங்க, அங்க எவனாவது பண்றானா? அதப் போயி இந்த மாசத்தோட சரின்ற.

நான் ஒருத்தன்தான் மிச்சமா. அப்பிடியா. முப்பத்தி நாலு பேரு இருந்தாங்களே. சரி, நான் ஒரு ஆளு இல்லயா? இருவது மாசமா, சம்பளம் வாங்கின மொத ஞாயித்துக்கெழம, சர்ச் முடிஞ்சா நேரா இங்கதான வர்றேன். என் சம்சாரம் கிரேஸி கூட கேக்கறா, கறிக்கடைக்குப் போவாம அங்க இன்னா வேலன்னு.

எனக்குக் கட்டுப்படியாவுதான்னு கேக்கற பாரு, அதான் நீ. உன் கடை படுத்துட்டு இருக்குது, நீ என் காசு வீணாப் போவுதான்னு கவலப்படற. வீணாவலப்பா. நல்லாவே கட்டுப்படியாவுது. எப்புடின்னு சொல்றேன் கேளு.

நீயும் நானும் பதினோரு வருசம் ஒரே மேஜைக்கு அந்தாண்ட இந்தாண்ட நின்னு தோல் தரம் பிரிச்சவங்க. நமக்கு இது புதுசா? ஆட்டுத் தோல் லாட்ட, நல்லது கெட்டது பொறுக்காம மொத்தமா ஒரு வெலைக்கு எடுக்கறதில்ல? டேபிள் ரன்னு. அதேதான் இது. நூறு தோல்ல பத்து முத செலக்ஷன் தேறினா மொதலாளி நிசார் சாப் மூஞ்சில சிரிப்பு வந்துரும். உன் கவர்ல அஞ்சுல ஒண்ணு தேறுது. நூத்துக்கு இருவது. எந்த மண்டில கெடைக்கும் நூத்துக்கு இருவது? நீ சொல்லு. அஞ்சும் முத தரமா வேணும்னு இந்தப் பசங்க கேக்கறானுங்கன்னா, அவனுங்க மண்டிப் பக்கமே போனதில்லன்னு அர்த்தம்.

மிச்ச நாலு குப்பதானன்றியா. அங்கதான் தப்பு பண்ற. கிரேஸி அத நூல்ல கட்டி கொய்யா மரத்துல தொங்க வுட்டிருக்கா. வெயில் பட்டு பளபளன்னு சுத்துது. கிளி ஒண்ணு கிட்ட வர்றதில்ல. இந்த வருசம் பாஸ்டர் வீட்டுக்கு மட்டும் ரெண்டு கூட கொய்யா குடுத்தோம். எதிர்வீட்டு பில்கிஸ் அக்கா வந்து, அண்ணே எங்க மாமரத்துக்கு ஒரு பத்து குடுங்கன்னு கேக்கறாங்க. அவங்களயும் சேத்துக்க, உனக்கு ரெண்டு பேராச்சு.

சிரிக்கற. சிரி, பரவால்ல. நீ சிரிச்சே நாளாச்சு.

எல்லாத்தயும் தொங்க வுடல. ரிஜெக்ஷன் மட்டுந்தான். அஞ்சயும் பாத்து, தரம் பிரிச்சு, முத செலக்ஷன் வர்றது பீரோல, ரெண்டாவது அலமாரில, அதுக்குக் கீழ உள்ளது மரத்துல.

எப்புடிப் பிரிக்கறனா? அது வந்து... ஒவ்வொண்ணா போட்டு வெளையாடிப் பாக்கறனான்னா கேக்கற.

கம்ப்யூட்டர் இருக்குது. அது பொய்யில்ல. கம்பெனி ஆபீஸ்ல பழசக் கழிச்சப்ப நான்தான் எடுத்தேன், நீயே ஒரு நாள் ஆட்டோல ஏத்தப் புடிச்சியே, இல்ல, அப்ப நீ இல்ல, கம்பெனிய விட்டு வந்துட்ட. அது நல்லா ஓடுது. ஆனா சிடி போடற எடம் அதுல இல்லப்பா. பிளாப்பி போடறதுக்கு ஒரு சந்து இருக்குது, அவ்ளோதான். மொத மாசக் கவரப் பிரிச்சுட்டு அந்த சந்துல சிடியச் சொருகிப் பாத்தேன். போவல. ஓரத்துல கொஞ்சம் வெட்டினா போவுமோன்னு பாத்தேன். கிரேஸிதான் கத்திரிக்கோலப் புடுங்கிட்டா. இப்ப அது மேல லேஸ் துணி போட்டு பாட்டு புஸ்தகத்த அடுக்கி வெச்சிருக்கா. புதன்கெழம சங்கத்துப் பொம்பளைங்க ஜெபத்துக்கு வந்தா அதுக்கு ரெண்டடி தள்ளிதான் உக்கார்றாங்க.

இரு இரு. நீ இன்னா கேப்பன்னு தெரியும். அப்ப நான் மாசா மாசம் உன்கிட்ட வந்து சொன்னது? இது நல்லாருக்குது, இது ஆவாது, இந்த மாதிரி இன்னும் போடுன்னு சொன்னதெல்லாம்?

எனக்குத் தெரிஞ்ச மாதிரி பாத்துச் சொன்னேன் சுப்பராயா. வடக்கு ஜன்னலாண்ட நின்னு வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தேன். கீறல் இருக்குதா, ஊசி ஓட்ட இருக்குதா. நகத்தால சொரண்டினேன். தோல மடிச்சுப் பாக்கற மாதிரி மடிச்சுப் பாத்தேன். அதுல ரெண்டு போச்சு. நடுவுல ஒடையுதுன்னு வந்து சொன்னேனே, நீ கூட சென்னைக்கு போன் போட்டு, இன்னாய்யா கேம் குடுக்கற, பாதில நின்னு போவுதாம்னு சண்ட போட்டியே. அது நின்னு போவல. அது என் கையில ஒடஞ்சது.

நீ ஏன் நம்பினன்னு நான் கேக்க முடியாது. தரம் பிரிக்கற செலக்டர் சொன்னா நாம எல்லாரும் நம்புவோம். எக்ஸ்போர்ட்காரன் கப்பல் ஏத்தறதே அந்த ஒரு வார்த்தைலதான. நானும் முப்பது வருசமா சொல்லிச் சொல்லிப் பழகிட்டேன். ஒரு பொருளக் கையில குடுத்துட்டு எப்புடின்னு கேட்டா, தெரியலன்னு என் வாயில வர்றதில்ல. அது இன்னா வியாதின்னு தெரியல.

ஆமா, அந்த டிராக்டர் கேமும் நான்தான். முத செலக்ஷன்னு சொன்னேன், நெஞ்சு மேல கை வெச்சு சொன்னேன். அந்த சிடி பின்பக்கம் கன்னுக்குட்டித் தோல் மாதிரி இருந்துதுய்யா, அத நான் எப்புடிக் கீழ போடறது? நீ அத வெச்சுக்கிட்டு அடுத்த மாசம் அதே தினுசா கேட்டு வாங்கிட்ட. டிராக்டரு, கிரேனு, குப்ப லாரி, ரயில்வே சிக்னலு. அஞ்சாவது இன்னாது? ஆங், உருளக்கெழங்கு அறுவட. அந்த மாசந்தான பதினெட்டு பேரு ஒரே வாரத்துல நின்னுட்டாங்க. கவர் வாங்கிட்டு இருந்த பிரிசில்லா டீச்சர் வந்து கேட்டாங்களாமே. எங்க வீட்டுக்காரரு திமிரி ஊர்ல நாள் பூரா டிராக்டர்தான் ஓட்டறாரு, பசங்க அத வீட்லயும் உக்காந்து ஓட்டணுமா சார்னு.

நீயாவது ஒரு தடவ போட்டுப் பாத்திருக்கலாமே. கடைல இத்தினி கம்ப்யூட்டர வெச்சுருக்கற. கூட்டம் இல்லாத நேரத்துல போட்டிருக்கலாம்.

போட்டுப் பாத்தியா. பாத்துட்டு?

உனக்கே சகிக்கலயா. கலப்பய மாட்டறதுக்கே அர மணி நேரமா. அப்புறம் ஏன் கவர்ல போட்ட? சொல்லுப்பா. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

அத மறுபடி சொல்லாத. ஒரு தடவ சொன்னது போதும். என் கண்ணு லட்சணம்தான் தெரியுமே, தோல்ல கோட்ட வுட்டவன், ஆபேலு, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு போட்டேன்ற. ரெண்டர வருசமா அதான் நெனச்சுட்டு இருக்கறியா? அரிசி வாங்கறப்ப கூட, கல்லு இருக்குதான்னு பொண்டாட்டியப் பாக்கச் சொல்றியாமே. உன் சம்சாரம் கிரேஸிகிட்ட சொல்லியிருக்காங்க. நான் வெளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன். இல்ல, அப்பிடி நெனைக்கல. அப்பிடி நெனச்சுக்கலாம்னு பாத்தேன்.

கொஞ்சம் தண்ணி குடு.

ரெண்டாயிரத்தி ரெண்டு, பொங்கலுக்கு முன்னாடி. உன் பொண்ணப் பாக்க திமிரிலேர்ந்து வர்றாங்கன்னு நீ மத்தியானம் லீவு சொல்லாமக் கெளம்பிட்ட. உன் மிச்சத் தோல நான் பாத்து, பாத்தவன் யாருன்னு காட்டற முத்திரயா உன் பதினாலாம் நம்பர் சீலயே குத்திப் போட்டேன். நம்ம மேஜைங்கள்ல நடக்கறதுதான். ரஷீத் அஹமது வெள்ளிக்கெழம தொழுகைக்குப் போனா அவன் சீல யாரு புடிச்சா? கிரேஸிய ஆஸ்பத்திரில சேத்தப்ப என் சீல மூணு நாள் நீ புடிக்கல? அதுல தப்பு ஒண்ணும் இல்ல.

லாட்டு இத்தாலி போயி, பழுதுன்னு திரும்பி வந்துது. எல்லாத்துலயும் உன் பதினாலு, உன் வேல போச்சு. பாதி ஆபேல் பாத்ததுன்னு நிசார் சாப்கிட்ட நீ சொல்லியிருக்கலாம். சொன்னா சீல் மாத்திக் குத்தினதுக்கு ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவணும்னு வாயத் தெறக்கல. சைக்கிள் ஸ்டாண்டாண்ட வந்து என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்ட. உன் பாதிய நல்லா பாத்தியான்னு. ஒவ்வொண்ணும் ரெண்டு தடவ பாத்தேன்னேன். சரி, அப்ப என்னுதுதான்னு சொல்லிட்டு, சாப்பாட்டு கேரியர ஹேண்டில்ல மாட்டிக்கிட்டுப் போய்ட்ட.

ரெண்டு தடவன்னது நெசந்தான். ரெண்டு தடவ தடவிப் பாத்தேன்.

எடது கண்ணு அப்பவே பால் ஊத்தினாப்ல இருந்துதுப்பா. வலதும் பாதிதான். மத்தியானம் வெளிச்சம் சாஞ்சா, தோலு எனக்கு வெறும் சாம்பக் கலர் துணி. சொன்னா மேஜைய விட்டு எடுத்துருவாங்க. ரிட்டயர் ஆவ நாலு வருசம் இருந்துது. வெரலாலயே ஒப்பேத்திரலாம்னு நெனச்சேன். இந்த மே மாசம் கலவைல தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு லீவு போட்டது, வேலூர்ல கண்ணு ஆபரேஷனுக்கு. இப்ப நல்லா தெரியுது. அந்த டிராக்டர் சிடியக் கூட பீரோலேர்ந்து எடுத்துப் பாத்தேன். வட்டம் வட்டமா ஒரே கீறல்.

போன மாசம் வரைக்கும் எனக்கும் நிச்சயமா தெரியாது. உன் பாதில கூட இருந்திருக்கலாம்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன். மாசம் ஒரு தடவ இங்க வந்து, கவர வாங்கிக்கிட்டு, நீ சாப்பிட்டியான்னு கேட்டுட்டுப் போனா, அந்த மாசத்துக்குப் போதுமா இருந்துது. எதுக்குப் போதும்னு கேட்டா சொல்லத் தெரியல. நூத்தி இருவது ரூபாய்க்கு அது ஜாஸ்தியா கம்மியான்னு நானும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.

திரும்பி வந்த அந்த லாட்டு கொடோன்லயே கெடந்துது. போன மாசம் நிசார் சாப், உள்லைனிங்குக்காவது தேறுமா பாருன்னு என் மேஜைல கொண்டாந்து கொட்டச் சொன்னாரு. நீ சீல கழுத்துப் பக்கம் குத்துவ. நான் யாரு சீலப் புடிச்சாலும் வால் பக்கந்தான் குத்துவேன், கை அப்பிடி. அது உனக்கும் எனக்கும் தவிர எவனுக்கும் தெரியாது. கழுத்துப் பக்கம் குத்தினத தனியா எடுத்து ஒண்ணொண்ணா ஜன்னலாண்ட வெச்சுப் பாத்தேன். மூணுதான் பழுது. அந்த மூணும் எந்த செலக்டரும் வுடக்கூடிய சின்ன உண்ணிக்கடிதான். வால் பக்கத்துத் தோல எண்ணவே இல்ல. தூக்கிப் புடிச்சா சல்லட மாதிரி வெளிச்சம் வருது. அத எப்புடி எண்ணறது?

உன் கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்ல சுப்பராயா. அவ்ளோதான் விசயம். டிராக்டர் கேம் சகிக்கலன்னு உனக்குத் தோணுச்சு பாரு, அது சரி.

நிசார் சாப்கிட்ட இன்னும் சொல்லல. உன்கிட்ட மொதல்ல சொல்லணும்னு போன மாசமே வந்தேன். நீ கவர நீட்டின, நான் வாங்கிக்கிட்டுப் போய்ட்டேன். நாளைக்கு சொல்லுவனான்னு கேட்டா, நீ கூட வந்தா சொல்லுவேன். தனியா போனா, அங்க எவனாவது ஒரு தோலக் கையில குடுத்து எப்புடின்னு கேப்பான், நான் அதப் பத்திப் பேச ஆரம்பிச்சுருவேன்.

எதுக்கு எழுந்துட்ட? மணி பன்னெண்டுதான ஆவுது, ஷட்டர் கொக்கிய எடுக்கற. சரி. எறக்கு. உன் கட. நான் உள்ள இருக்கறதா, வெளில நிக்கறதா, அத மட்டும் சொல்லிடு.