குதிரைக்குக் கண்ணாடி

ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் காலைப் பேருந்து. எனக்கு முன்சீட்டில் இரண்டு இளம்பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் பேருந்துக்கே கேட்கும்படி சொன்னாள்:

“குதிரைக்குக் கண்ணாடி வேணும்னாருடி. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இவருதான் மாப்பிள்ளைன்னு.”

“பொண்ணு பாக்க வந்த எடத்துலயா?”

“ஆமா. ஒனக்கு என்ன பிடிக்கும்னாரு. அந்தக் காலத்து லண்டன் டிவி காமெடின்னேன். டக்குனு எந்திரிச்சு, அதுல கண்ணாடிக் கடைக்கு வருவான்ல ஒருத்தன், அவன மாதிரியே ‘என் குதிரைக்கு மூக்குக்கண்ணாடி வேணும்’னாரு. நான் கடைக்காரனா மூஞ்சிய வச்சுக்கிட்டு, ‘கிட்டப்பார்வையா, தூரப்பார்வையா?’ன்னேன். முழுசா நடிச்சு முடிச்சோம்டி!”

“பெரியவுக சிரிச்சாங்களா?”

“ஒருத்தரும் சிரிக்கல. எங்கம்மா கன்னத்துல போட்டுக்கிச்சு. அவரு அய்யனாருக்கு மண்குதிரை எடுக்குறதா வேண்டியிருக்காருன்னு நெனச்சிருச்சு! ‘சாமி பயம் உள்ள புள்ள’ன்னு அப்பா அங்கேயே தட்டு மாத்திட்டாரு.”

“அய்யய்யோ! விசயத்தச் சொல்லிட்டியா?”

“எங்கிட்டுச் சொல்றது? மண்குதிரை செய்யவே ஆளு பேசியாச்சு.”

செல்போனைத் தோழியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“அவரு இப்பத்தான் மெசேஜ் போட்டாரு. ‘குதிரை மூக்கு அளவு கேட்டு அனுப்பு.’”