யூரோவும் அடுத்த ஞாயிறும்

"யூரோ தப்புமோ தப்பாதோ, முதல்ல என்ர தம்பியும் தங்கச்சியும் கதைக்கவேணும்."

கிளென் ஈடன் ஸ்டேஷனில் ரயிலுக்குப் பதிலாக விட்ட பஸ்ஸில், என் முன் இருக்கையில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் சொன்னார். ஃபோனில் செய்தி பார்த்து எரிச்சலில் இருந்தார். பக்கத்தில், அவரோடு வேலை செய்கிற தமிழ்நாட்டுக்காரர்.

"அவங்களுக்கும் யூரோவுக்கும் என்ன அண்ணா சம்பந்தம்?"

"தம்பி ஜெர்மனியில, தங்கச்சி இத்தாலியில. எங்கட உழைப்பில இத்தாலிக்காரர் சாப்பிடினம் எண்டு அவன் சொல்லுறான். நாங்கள் வாங்கிறபடியால்தான் உங்கட கார் விக்குது எண்டு அவள் சொல்லுறாள். ஊர்க் கோயில் திருவிழாவில ஒரு நாள் உபயம் எங்கட குடும்பத்துக்கு. செலவை எப்பிடிப் பிரிக்கிறது எண்டு குரூப்பில கேட்டால், அங்கயும் யூரோச் சண்டை."

"யூரோவைக் காப்பாத்தத் தலைவருங்க கூட்டம் போட்டாங்களே?"

"போட்டவங்கள். விடிய விடியக் கதைச்சுப்போட்டு, அடுத்த கிழமை திரும்பக் கூடுவம் எண்டு சொல்லுறாங்கள். ஓம் எண்டு சொல்லவும் துணிவில்லை, ஏலாது எண்டு சொல்லவும் துணிவில்லை. இவங்களெல்லாம் என்னத்துக்குத் தலைவர்?"

"அதுவும் சரிதான். உங்க வீட்டுல யாரு முடிவு சொல்லணும்?"

அவர் ஃபோனைச் சட்டைப் பையில் வைத்தார்.

"மூத்தவன் சொல்லவேணும்."

"அவர் எங்க இருக்கார்?"

"நான்தான் மூத்தவன்."

"என்ன சொன்னீங்க?"

"அடுத்த ஞாயிறு கதைப்பம் எண்டு போட்டிருக்கிறன்."