விபிஎன் நின்ற பிறகு தெரிந்த ஊர்

“கடலோட போன போன்ல எப்படிக்கா சீரியல் ஓடும்?”

ஈப்போவிலிருந்து பத்து காஜா போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த இளம் பெண்தான் கேட்டாள். பக்கத்தில் இருந்த அக்கா கழுத்துச் சிலுவையைப் பிடித்தபடி தணிந்த குரலில் பேசினார்.

“ஓடுதுலா. வீட்டுக்காரரு மீன்புடி போட்டோட காணாமப் போயி ஒரு வருஷமாச்சு. உடம்பு கெடைக்காமலே மாதா கோயில்ல பூசையும் வச்சிட்டோம். ஆனா சீரியல் பாக்குற ஆப்ல, எங்க கணக்குல, அவரு போன் பேருல, அவரு பாதியில விட்ட சீரியல் ஓடிக்கிட்டே இருந்துச்சு. எடம் சென்னைன்னு காட்டுச்சு.”

“சென்னையா?”

“அவரு விபிஎன் போட்டுத்தான் பாப்பாரு. இங்க வராத சீரியலுக்காக அது ஊர மாத்திக் காட்டும். அதனால யாரோ சென்னையில பாஸ்வர்ட திருடிட்டாங்கன்னு நெனச்சேன். போன மாசம் ஆப் கம்பெனிக்காரன் விபிஎன்ன கண்டுபிடிச்சு பிளாக் பண்ணிட்டான். இப்ப உண்மையான எடம் தெரியுது. ஹுத்தான் மெலிந்தாங்.”

“அவரு போட் கெளம்பின எடமாச்சேக்கா!”

“ஆமா. போன யாரோ எடுத்திருப்பான்னு போலீஸ்ல சொல்றாங்க. நானும் அங்க போயி வீடு வீடா கேட்டுட்டு வந்தேன். ஒருத்தருக்கும் தெரியல. இன்னிக்கிக் காலையிலயும் ஓடிருக்கு.”

“பயமா இல்லையா?”

“மொதல்ல இருந்துச்சு. இப்பல்லாம் சீரியல் எங்க நிக்குதோ அங்கேருந்து நானும் பாக்குறேன்.”

“வேணாங்க்கா. பேசாம பாஸ்வர்ட மாத்திருங்க.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மாத்திட்டா, மிச்சத்தப் பாக்க வீட்டுக்கே வந்துட்டாருன்னா?”