பானைக்குள் இருந்த கோதுமை

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டுக்காரர் திடீரென்று குரலை உயர்த்தினார்.

"கோதுமையக் கொட்டிட்டுப் பானையப் பத்திரம் பண்றாங்க, மச்சான்!"

கடற்கரை மேட்டில் பழங்காலத்துப் பானைகளைத் தோண்டுகிறார்களாம். வெளியே வரும் பானைகளைக் கழுவுவது இவர் வேலை என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

பக்கத்திலிருந்த மச்சான் கேட்டார்: "இன்னா கோதுமை?"

"பானைக்குள்ள கரிஞ்சுபோயி கெடந்திச்சி. கையில எடுத்துப் பாத்தா வயித்துல நீளமா ஒரு கோடு கீது. ரேசன்ல வாங்கித் துன்றோமே, அதே கோதுமை. நம்ம பக்கத்துல எவன் கோதுமை வெதைக்கிறான்? 'கப்பல்ல வந்திருக்கும் சார்'னு ஆபீசர்கிட்ட சொன்னேன்."

"அவரு?"

"'நீ துன்னதுதான் சிந்தியிருக்கும், போய்க் கழுவு'ன்றாரு! ரெண்டாள் ஆழத்துல, வாய்ல மூடியோட கெடந்த பானை. அதுல நான் எப்டி சிந்துவேன்?"

"அதானே!"

"பானை நம்ம ஏரி மண்ணு, மச்சான். அது எந்தக் குயவர் வூட்லயும் கெடைக்கும். கடல் தாண்டி வந்தது உள்ள இருந்ததுதான். அத்தப் போயி அழுக்குன்றாரு!"

திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்று கிளம்பியது.

"சரி, அத்த இன்னா பண்ணே?" என்றார் மச்சான்.

"இன்னா பண்றது? கழுவுன தண்ணியோட கடல்ல கொட்டிட்டேன்."

கொஞ்ச தூரம் போனபின் அவரே சொன்னார்:

"அதுக்கு முன்னாடி எத்தினி பானைய, உள்ள பாக்காமலே கொட்டுனேனோ!"