எனக்குச் சுடாத பாறை

கல் விழுகிறது. கூரை சிமெண்ட் ஷீட். முதல் சத்தத்தைத் தேங்காய் என்று நினைத்தேன். இரண்டாவதில் ஷீட் பிளந்தது. மூன்றாவது மருந்து பீரோக் கண்ணாடியில்.

செவ்வாய்க்கிழமை. கொரோனா இரண்டாம் முறை வந்த சித்திரை. பகல் பன்னிரண்டரை மணி.

"குனி! எல்லாரும் குனிங்க!" டாக்டரம்மா கத்துகிறார்.

செஞ்சிக் கோட்டை மலையோரம் தொழுநோய்க்காரர்களுக்காக அவர் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. நானும் நோயாளியாக வந்தவள். நோய் தீர்ந்தது. காலில் உணர்ச்சி திரும்பவில்லை. புண் கட்டும் வேலை கொடுத்தார். ஊரார் காய்ச்சலென்று வந்தாலும் எங்களோடு ஒரே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். பிடிக்காதவர்கள் போகலாம் என்பார். நிறையப் பேர் போனார்கள்.

முந்தின நாள் சாக்கடை அள்ளும் ஒருவர் காய்ச்சலோடு வந்தார். இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். டாக்டரம்மா சேர்த்துக்கொண்டார். அதற்குத்தான் கல்.

"ஊருக்கே நோயக் கொண்டாந்து வுடுறியா? மூடுடி!" ரோட்டிலிருந்து ஒரு குரல். தெரிந்த குரல். அவர் பிள்ளைக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

நோயாளி குப்பன் அண்ணன் கட்டிலுக்கு அடியில். "திருப்பி அடிக்கலாம்னா, கல்லப் புடிக்க வெரல் இல்லியே டாக்டரம்மா!" யாரோ சிரித்தார்கள். அடுத்த கல் விழுந்தது.

"பின்னால ஓடுங்க! பாறை மேல! செருப்பு போட்டுக்கினு போங்க! செருப்பு!"

அங்கே அதுதான் முதல் விதி. உணர்ச்சியில்லாத காலுக்கு மெத்தென்ற கறுப்பு ரப்பர் செருப்பு. அதைப் பார்த்தால் பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகும். அதனால் என் ஊர் வல்லத்திலிருந்து கடைச் செருப்பில் வருவேன். வந்ததும் மாற்றிக்கொள்வேன். டாக்டரம்மாவுக்குத் தெரியாது. அன்று வேலை அவசரத்தில் மாற்றவில்லை.

காய்ச்சல்காரரைக் கட்டிலோடு தூக்கினோம். வெளியே பத்தடியில் என் செருப்பு கழன்றது. நிற்கவில்லை. பாறை கொதிக்கிறது. எனக்குச் சுடவில்லை.

பாதி ஏற்றத்தில் டாக்டரம்மா பார்த்துவிட்டார்.

"உன் செருப்பு எங்கடி?"

தன் செருப்பைக் கழற்றினார். குனிந்து என் காலில் மாட்டினார்.

"எனக்குச் சுட்டா தெரியும். உனக்குத் தெரியாது. நட."

வெறுங்காலோடு கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார். ஒவ்வோர் அடிக்கும் பல்லிடுக்கில் 'ஸ்' என்றார். அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது.

போலீஸ் வந்தபோது மணி ஒன்றரை. டாக்டரம்மா முதலில் வெந்துபோன என் காலுக்குத்தான் கட்டுப் போட்டார்.

காய்ச்சல்காரர் பிழைத்தார். ஐந்தாம் நாள் டாக்டரம்மாவுக்குக் காய்ச்சல். மூன்று இடத்தில் படுக்கை இல்லை என்றார்கள். பன்னிரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு மூச்சு நின்றது. உள்ளங்கால் கொப்புளம் அப்போதும் ஆறவில்லை. கடைசிக் கட்டு நான் போட்டது.

இப்போது பஸ்ஸில் கறுப்புச் செருப்போடுதான் ஏறுகிறேன். பக்கத்து சீட் காலியாகவே வருகிறது. வரட்டும்.

போனவை இவ்வளவு. கூரை ஷீட் பதினொன்று. மருந்து பீரோ ஒன்று. என் வலது காலில் இரண்டு விரல். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்த அந்த பெஞ்ச். குப்பன் அண்ணன், அதே காய்ச்சலில். டாக்டரம்மா, வயது அறுபத்தொன்று, செருப்பு அளவு ஆறு. என் அளவும் அதுதான்.